மெர்குரியின் தெத்துப்பல்

“டார்ச்சை இன்னும் கொஞ்சம் இறக்கிப் பிடி,” என்று கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “சுவத்துப் பக்கம் வேண்டாம். உங்கப்பா கால் பக்கம் காட்டு.”

மனைவி டார்ச்சைத் திருப்பினாள். தரையில் குப்புறப் படுத்திருந்த கணவரின் முழங்காலுக்குக் கீழேதான் வெளியே தெரிந்தது. கட்டிலின் மேல் அவளுடைய அப்பா, தொங்கவிட்ட கால்களைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன தேடுறாரு?”

“அவரையே கேளுங்க.”

“மாப்பிள்ளை, என்ன தேடுறீங்க?”

“ஒரு பல்லு தெறிச்சுடுச்சு மாமா.”

பெரியவர் அனிச்சையாகத் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே தெறிப்பதற்கு ஒன்றும் இல்லை. கடைசியாக மிஞ்சியிருந்த இரண்டையும் டாக்டரம்மா போன மாதமே பிடுங்கிவிட்டார்.

“என் பல்லு போனப்ப ஒருத்தரும் இப்படிப் படுத்துத் தேடலியே,” என்றார்.

தெறித்தது காரின் பல். ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் மெர்குரி அது. நாற்பத்தொன்பதாம் வருஷத்து அமெரிக்கக் கார். பெட்டியில் உதிரியாக வருவதை வெட்டி, ராவி, ஒட்டி, பெயின்ட் அடித்து முழு வண்டியாக்க வேண்டும். பெட்டியில் உள்ளபடியே செய்தால் அதில் மாப்பிள்ளைக்கு வேலையே இல்லை. அந்தக் காலத்தில் அந்த நாட்டு இளவட்டங்கள் மெர்குரியின் கூரையை அறுத்துத் தாழ்த்துவார்களாம். முன்பக்கக் கிரில்லைக் கழற்றிப் போட்டுவிட்டு டிசோட்டோ என்கிற வேறொரு காரின் கிரில்லை மாட்டுவார்களாம். அதில் கொழுகொழுவென்று வரிசையாக நிற்கும் பளபளத் துண்டுகளுக்குக் கார்ப் பிரியர்கள் வைத்த பெயரே பல்தான். அப்படி ஒரு பல்லைத்தான் இடுக்கியால் அழுத்திப் பிடித்தபோது அது வழுக்கிப் பறந்துவிட்டது.

மாப்பிள்ளை வெறுங்கையோடு வெளியே வந்தார். சட்டை முன்பக்கம் முழுக்கத் தூசி.

“கிடைச்சுதா?”

“தூசிதான் கிடைச்சுது.”

“அதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லிடுங்க,” என்றாள் மனைவி. “எப்படியும் சனிக்கிழமையோட இந்தத் தொல்லை முடியுது. காரெல்லாம் பரணுக்கு. மேஜை படிக்கட்டுக்கு அடியில.”

இந்தப் பேச்சு ஒரு வாரமாக நடந்துகொண்டிருந்தது. தனியாக இருந்த பெரியவர், பற்கள் முழுவதும் போனபின் மகள் வீட்டோடு வந்துவிட்டார். வீட்டில் உபரியாக இருந்தது இந்த ஓர் அறை. அதில் ஒரு ஜன்னல். ஜன்னலை ஒட்டி மேஜை. மேஜையில் பிளேடு, உப்புத்தாள், பெயின்ட் டப்பா, தின்னர். தின்னர் வாடை பெரியவருக்கு இருமலைக் கிளப்பியது. நியாயம் எந்தப் பக்கம் என்று மாப்பிள்ளைக்கே தெரியும். அதனால்தான் அவரால் சரியாகச் சண்டை போட முடியவில்லை. படிக்கட்டுக்கு அடியில் வெளிச்சம் கிடையாது, ஈரம் உண்டு. பரணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தையல் மிஷின், உடற்பயிற்சி சைக்கிள், பழைய கீபோர்டு என்று அங்கே ஏறியது எதுவும் இதுவரை இறங்கியதில்லை.

“தெரியாமத்தான் கேக்கறேன்,” என்றார் பெரியவர். “எனக்குப் பல்லு செய்யறது மாப்பிள்ளைதானே?”

“அவர் வேலை பாக்கற எடத்துலதான் டாக்டரம்மா குடுத்திருக்காங்க. இவர்தான் செய்யறாரு.”

“அப்ப ஒண்ணு பண்ணலாம். வெள்ளிக்கிழமை மாட்டிப் பாக்கறேன். பல்லு சரியா இருந்தா மேஜை இருக்கட்டும். சரியில்லைன்னா படிக்கட்டுக்கு அடியில.”

“பல்லுக்கும் மேஜைக்கும் என்னப்பா சம்பந்தம்?”

“ஒரு மனுஷன் வேலை சுத்தமா இருந்தா, அவன் விளையாட்டையும் பொறுத்துக்கலாம்.”

மாப்பிள்ளை தூசியைத் தட்டிக்கொண்டே தலையாட்டினார். பல்லில் தன்னை யாரும் அசைக்க முடியாது என்ற தைரியம் அவருக்கு இருந்தது.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. ஐம்பதைத் தாண்டியும் வீட்டில் மாப்பிள்ளையாகவே இருக்கிற அவர், மீசை முளைத்த நாள் முதல் பல்செட் செய்கிறவர். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நீள மேஜையும் நாலு பேரும் உள்ள பட்டறை. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர்கள் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் நட்டு, வேகவைத்து, பாலீஷ் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மாப்பிள்ளையின் கைக்குத் தனி மதிப்பு உண்டு. அவர் நட்ட பல் பொய்ப்பல் என்று தெரியாது. ரகசியம் ஒன்றும் பெரிதில்லை: கொஞ்சம் கெடுப்பார். ஒரு பல்லை மயிரிழை திருப்புவார், இன்னொன்றைத் துளி தாழ்த்துவார். பழைய போட்டோ கொண்டுவரச் சொல்லி, சிரிக்கும்போது எந்தப் பல் முந்திக்கொண்டு வருகிறது என்று பார்ப்பார். நேராக அடுக்கத் தச்சர் போதும் என்பது அவர் கட்சி.

கார் வந்தது பிற்பாடு. யார் வாய்க்குள்ளும் போகாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஒரு கட்டத்தில் தோன்றியிருக்கிறது. செய்கிற பொருளைப் பிறகு பார்க்கவே முடியாத தொழில் அது; பார்த்தால் எதிராளி கோபித்துக்கொள்வார். ஆக, முதலில் ஓர் இம்பாலா. பிறகு மீன்துடுப்பு வைத்த கேடிலாக். பிறகு வரிசையாக. கிட் பெட்டிகளை வீட்டுக்குத் தெரியாமல் வரவழைக்க முடியாது, ஏனென்றால் மனைவிக்குக் கூரியர் ஆபீஸில் வேலை. எந்தப் பெட்டி வந்தாலும் அவள் கவுன்டரில்தான் எடை போட வேண்டும். “உங்க வீட்டுக்காரருக்கு மறுபடியும் ஒரு கார் வந்திருக்கு மேடம்” என்று சக ஊழியர்கள் சொல்லும்போது, ஏதோ போர்ட்டிகோவில் வந்து நிற்பது மாதிரி அவளும் தலையாட்டிவிடுவாள். நிஜத்தில் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார்.

குளியலறை பிளீச்சில் பிளாஸ்டிக் பம்பரின் குரோம் பூச்சைக் கரைப்பார். சமையலறை அலுமினியத் தாளை ஜன்னல் விளிம்பில் ஒட்டித் தேய்ப்பார். பட்டறையிலிருந்து தேய்ந்த பல் ராவும் ஊசிகளைக் கொண்டுவந்து கதவுக் கைப்பிடிக்குத் துளை போடுவார். மெர்குரியின் கூரையை அறுத்துத் தாழ்த்தியபோது மட்டும் ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. முன்தூண், நடுத்தூண், பின்தூண் எல்லாம் வேறு வேறு சாய்மானம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று சேராது. கடைசியில் கூரையையே குறுக்கே வெட்டி, நடுவில் துண்டு கொடுத்து இணைத்தார். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி என்பது அவருக்குப் பழகிய விஷயம்.

முதன்முதலாகக் கவனித்தவர் மாமனார். அதுதான் வினையாகப் போயிற்று.

மாமனார் வண்டிகளுக்கு எஃப்சி என்கிற தகுதிச் சான்று கொடுக்கும் ஆபீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்குப் ‘ஃபெயில் சார்’ என்று பெயர். லாரிக்காரர்கள் அவர் லீவில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் வண்டியைக் கொண்டுவருவார்களாம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. வந்த அன்று சாயங்காலமே அவர் தன் பையிலிருந்து ஓர் எவர்சில்வர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“இந்தக் கூரையை யாரு குறைச்சது?”

மாப்பிள்ளைக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. “நான்தான் மாமா.”

“பெர்மிஷன் வாங்கினீங்களா?”

“யார்கிட்ட?”

“அதான் கேக்கறேன். இப்படிக் குறைச்சா டிரைவருக்குப் பின்னாடி வர்றது தெரியாது. இடது பக்கம் ஒரு நூல் ஏத்தமா வேற இருக்கு. ஃபெயில்.”

அதன்பின் தினமும் சாயங்காலம் பரிசோதனை. கேடிலாக்கின் துடுப்பு கூர்மை, பாதசாரிக்கு ஆபத்து. இம்பாலாவின் அடிப்பகுதி தரையைத் தட்டுகிறது, வேகத்தடை தாண்டாது. “மாமா, இது வீட்டுக்குள்ளயே இருக்கற வண்டி” என்றால், “எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்பார். பொக்கை வாயில் சொல்லும்போது பாதி எழுத்துகள் காற்றாகப் போகும். ஆனால் ஸ்கேல் தெளிவாகப் பேசும். இடது, வலது, இடைவெளி, மட்டம். நாளாக ஆக மாப்பிள்ளைக்குக் கனவிலும் அந்த ஸ்கேல் வர ஆரம்பித்தது. பட்டறையில் டீ குடித்துவிட்டுக் கிளாஸை வைக்கும்போதுகூட மேஜை விளிம்புக்கு இணையாக வைத்தார்.

பல் நட வேண்டிய நாள் வந்தது. மாமனாரின் தாடை அச்சு, திறந்து மூடும் கருவியில் மாட்டப்பட்டு மேஜையில் தயாராக இருந்தது. விளக்குத் தண்டில் மனைவி கொடுத்தனுப்பிய கல்யாண போட்டோவைச் சாய்த்து வைத்திருந்தார். அதில் பெண்ணைப் பெற்றவர் யாரோ சொன்ன எதற்கோ தன்னை மறந்து சிரித்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஒரு தெத்துப்பல் பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி நின்று எட்டிப் பார்த்தது. “அந்தத் தெத்துப்பல்லு வரணும்,” என்று மனைவி சொல்லியிருந்தாள். “எனக்கு அப்பான்னா அதுதான்.”

பக்கத்திலேயே ஒரு சின்ன மெழுகுக் கட்டை. அதுதான் மெர்குரியின் வாய். தொலைந்த ஒரு பல்லுக்காக அரைகுறையாக ஒட்டுவதைவிட, முழு வரிசையையும் மெழுகில் செதுக்கி உலோகத்தில் வார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அளந்து பார்த்ததில் மெர்குரியின் வாயும் மாமனாரின் வாயும் ஏறக்குறைய ஒரே அகலம். இது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் மாமனாரின் பல். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் காரின் பல். இதுதான் திட்டம். திட்டப்படியே நடந்தது. ஆனால் மாமனாரின் பல்லை நட உட்கார்ந்தபோது கை வழக்கம்போல ஓடவில்லை. ஒவ்வொரு பல் நட்டதும் காதுக்குள் “ஒரு நூல் ஏத்தம்” என்று கேட்டது. பட்டறை ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். சரி செய்தார். மறுபடி வைத்தார். மதியம் காரின் பல்லுக்கு வந்தபோதுதான் உடம்பின் இறுக்கம் தளர்ந்தது. ரேடியோவில் பாட்டுப் போட்டார்கள். விளக்குத் தண்டில் போட்டோ அப்படியே இருந்தது. கத்தி தன் பாட்டுக்கு ஓடியது.

பாலீஷ் போடுகிறவர் சாயங்காலம் மாமனாரின் செட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது யாருக்குங்க?”

“எங்க மாமனாருக்கு.”

“ரூலர் வெச்சுப் பண்ணினீங்களோ?”

“ஆமா,” என்றார் மாப்பிள்ளை, பாராட்டாக எடுத்துக்கொண்டு.

வழக்கப்படி மெழுகிலேயே ஒரு தடவை வாயில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். தப்பிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். பெரியவர் வரமாட்டேன் என்றுவிட்டார். “மெழுகுப் பல்லை வெச்சுப் பாக்க நான் என்ன பொம்மையா? நேரா மாட்டிக்கறேன்.” சனிக்கிழமை ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர்கள் கூடுகிறார்கள், குரூப் போட்டோ உண்டு, அவருக்கு அவசரம். டாக்டரம்மாவும், செய்கிறவர் வீட்டு ஆளே என்பதால், உங்கள் பொறுப்பு என்று சொல்லி விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏணி பரணில் சாத்தித் தயாராக இருந்தது. மனைவி அட்டைப்பெட்டிகளையும் பழைய செய்தித்தாள்களையும் கொண்டுவந்து வைத்திருந்தாள். மேஜையில் மெர்குரி, அன்று காலைதான் ஒட்டிய புதுப்பல் வரிசையோடு, துணி போர்த்தி நின்றது. பட்டறையிலிருந்து திரும்பி வந்த கல்யாண போட்டோ பக்கத்தில் கிடந்தது. பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மாவிடம் ஏற்கெனவே மாட்டிச் சரிபார்த்துக்கொண்டு வந்திருந்த செட்டை மறுபடி கழுவி வாயில் வைத்தார்.

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“ஃபிட்டிங் பர்ஃபெக்ட்டுன்னாங்க. மத்ததை உங்க வீட்டுல பேசிக்குங்கன்னாங்க.”

“மத்தது என்ன?”

பெரியவர் உதடுகளை விரித்தார்.

மாப்பிள்ளை அப்போதுதான் அதை வாயில் பார்த்தார். எல்லாப் பல்லும் ஒரே அகலம், ஒரே உயரம், ஒரே இடைவெளி. கொழுகொழுவென்று கீழுதட்டின் மேல் இறங்கி நின்றன. விளக்கு வெளிச்சம் பட்டு மின்னின. இதற்கு இரண்டு பக்கமும் ஹெட்லைட்தான் குறை.

மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“ஏன் சிரிக்கிற?”

“ஒண்ணுமில்லப்பா. ஹாரன் அடிச்சா வழி விட்டுடலாம்னு நெனச்சேன்.”

பெரியவர் மகளைப் பொருட்படுத்தவில்லை. பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, கண்ணாடியைப் பார்த்தபடி, பல்லுக்குக் குறுக்கே வைத்தார். இடது. வலது. இடைவெளி. மட்டம்.

ஸ்கேலை வாயிலிருந்து எடுத்துத் துடைத்தார்.

“பாஸ்,” என்றார்.

மாப்பிள்ளை மேஜையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், இரண்டும் அவருடையவை. நாளைக்கு அந்த மனிதர் பழைய சகாக்கள் மத்தியில் இந்தக் கிரில்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். அதை யாரோ சட்டம் போட்டு மாட்டுவார்கள். செய்தது யார் என்று கேட்பார்கள். முப்பது வருஷமாக நேர்ப்பல்லைக் கிண்டல் செய்த கை.

“மாமா,” என்றார். “அது தப்பு.”

“எது?”

“பல்லு. இப்படி இருக்கக் கூடாது. மனுஷனுக்கு இவ்வளவு நேரா இருக்காது. கார் நெனப்புலயே பண்ணிட்டேன். மேஜை படிக்கட்டுக்கு அடியிலயே போகட்டும். கழட்டிக் குடுங்க, வேற செய்யறேன்.”

“நாளைக்கு போட்டோ.”

“நாளைக்கு முடியாது. அடுத்த வாரம் தர்றேன்.”

“கழட்ட மாட்டேன்.”

“அப்பா, நிஜமாவே நல்லால்ல,” என்றாள் மனைவி.

“நான் பாஸ் போட்ட வண்டியை இதுவரைக்கும் யாரும் திருப்பிக் கூப்பிட்டதில்ல,” என்றார் பெரியவர். ‘ஸ’வும் ‘ச’வும் வரும்போதெல்லாம் மெல்லிய விசில் கேட்டது. “சரி, அந்த வண்டியை எடுங்க. அதுலதானே என் பல்லுக்கு வேண்டிய கவனத்தை வெச்சிருக்கீங்க. அது எப்படி வந்திருக்குன்னு பாப்போம்.”

மாப்பிள்ளை துணியை எடுத்தார். மெர்குரி கருஞ்சிவப்பில் தாழ்ந்த கூரையோடு பதுங்கி நின்றது. பெரியவர் கையில் எடுத்து, முன்பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய், ஸ்கேலை வைத்தார். வைத்ததும் எடுத்தார்.

“இடது பக்கம் ஒரு பல்லு ஏறியிருக்கு.”

“இருக்காதே.”

“பாருங்க. பக்கத்துப் பல்லு மேல சவாரி பண்ணுது.”

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். ஏறித்தான் இருந்தது. துளி திரும்பி, பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்து எட்டிப் பார்த்தது. மற்றவையும் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம். ஒன்று தாழ்வு, ஒன்று சாய்வு. அவருடைய வாழ்நாளில் நட்டவற்றிலேயே மிக நல்ல வரிசை அது. ஒரு காரின் முகத்தில் இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. “அப்பா, அது உங்க பல்லு.”

“என்ன உளர்ற?”

அவள் போட்டோவை எடுத்து மெர்குரிக்குப் பக்கத்தில் பிடித்தாள். பெரியவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாண வீட்டில் சிரிக்கிற ஆளையும், மேஜை மேல் சிரிக்கிற காரையும். பிறகு கார் தன்னைப் பார்க்காதபடி திருப்பி வைத்தார்.

“இந்தப் பல்லாலதான் சர்வீஸ் முழுக்க ஆபீஸ்ல நான் வாயைத் திறக்கல,” என்றார். “ஒருத்தன் என் காதுபடவே சொன்னான், முதல்ல சார் பல்லுக்கு எஃப்சி வாங்கட்டும்னு. அன்னையிலேர்ந்து சிரிக்கல. கல்யாணத்தன்னிக்கு எவனோ ஏமாத்திப் புடிச்சுட்டான்.”

“எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?”

“உனக்குப் பிடிச்சா நீ வெச்சுக்க.” அவர் ஸ்கேலைப் பைக்குள் போட்டார். “மாப்பிள்ளை, வண்டி ஃபெயில். அந்தப் பல்லை நேராக்குங்க. ஆக்கிட்டுக் காட்டுங்க.”

மாப்பிள்ளை ஏணியைப் பார்த்தார். “நேராக்கணும்னா மேஜை வேணுமே மாமா.”

“வேணும்தான்.”

“ஜன்னல் வெளிச்சமும் வேணும்.”

“ஆகுற வரைக்கும் இருக்கட்டும். தின்னரை மட்டும் மொட்டைமாடியில வெச்சுக்குங்க.”

மனைவி ஏணியை மடக்கினாள். அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது கணவரையும் கண்ணால் கூப்பிட்டாள். கூடத்தில் வைத்து, குரலைத் தாழ்த்தி, “அந்தப் பல்லு மேல அரம் பட்டுதுன்னா, மேஜையை நானே இழுத்துப் படிக்கட்டுக்கு அடியில கொண்டுபோய்ப் போடுவேன்,” என்றாள்.

“உங்கப்பா நேராக்கச் சொல்றாரே.”

“சொல்லட்டும். நீங்க நேராக்கிக்கிட்டே இருங்க.”

மறுநாள் சனிக்கிழமை. பெரியவர் காலையிலேயே சவரம் செய்துகொண்டு கூட்டத்துக்குப் போனார். மாப்பிள்ளை அரைநாள் வேலைக்குப் போனார். ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு மேல்வரிசை நட்டார். இரண்டாவது பல்லைத் துளி திருப்பி வைத்தார். பாலீஷ் போடுகிறவர் மாமனாரின் பல் எப்படி என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்று சொன்னார். மதியம் பஸ்ஸில் வீடு திரும்பினார். தின்னர் டப்பாவை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வைத்தார். சாயங்காலம் பெரியவர் வந்து, போட்டோ எடுக்கும்போது எல்லோரும் தன்னையே பார்த்தார்கள் என்று சொன்னார். பல்லைக் கழற்றித் தண்ணீர்க் கிளாஸில் போட்டு, கிளாஸை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் படுத்தார்.

மாப்பிள்ளை மெர்குரியை மடியில் வைத்துக்கொண்டு அரத்தை எடுத்தார். வண்டியின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

“நேராகுதா?” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“ஆகிட்டிருக்கு மாமா,” என்றார். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.